பில்_வரல: டூடூயிஸ்ட் லேபிள்களை ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைப்பது

சின்ன ஆடிட் ஆபீஸ், நாற்பது பார்ட்டி (வாடிக்கையாளர்). மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு). வேலைப் பட்டியல் ஆப்பான டூடூயிஸ்ட்டில் 3பி-க்கு ஒரு ப்ராஜெக்ட். அதில் பார்ட்டிக்கு ஒரு தாய் வேலை, ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி திரும்ப வரும்படி. அதன் கீழே ஐந்து கிளை வேலை: பர்ச்சேஸ் பில் வாங்க, டேலியில் ஏற்ற, 2பி-யோடு (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப் பார்க்க, சலான் கட்ட, ஃபைல் பண்ண. கேட்டும் பில் வராத இடத்தில் ‘பில்_வரல’ என்று ஒரு லேபிள். கையில் எடுக்க வேண்டியதற்கு ‘அடுத்து’ என்று இன்னொன்று.

முதல் மாதம் அழகாக ஓடும். இரண்டாம் மாதம் நடுவில் திறந்து பார்த்தால் ஒரே பார்ட்டிக்குக் கீழே மூன்று ‘அடுத்து’ இருக்கும், வேறு பத்துப் பார்ட்டியில் ஒன்றுகூட இருக்காது. போன மாதமே பில்லைக் கொடுத்துவிட்டுப் போனவர் பெயரில் ‘பில்_வரல’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் அவருக்குப் போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். லேபிளை ஒட்டுவது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உரிக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வராது. ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சின்ன நிரல்) எழுத வேண்டியது பெரும்பாலும் இந்த உரிக்கிற வேலைக்காகத்தான்.

அதற்கு முன்னால் ஒரு கழித்தல். கெடு தாண்டியது, இன்று முடிய வேண்டியது, தேதியே போடாதது, ஒருவர் பெயருக்கு ஒதுக்கியது, இவற்றுக்கெல்லாம் லேபிள் வேண்டாம். டூடூயிஸ்ட்டின் ஃபில்டரே (நிபந்தனை கொடுத்தால் வேலைகளைப் பொறுக்கித் தரும் வசதி) கண்டுபிடித்துவிடும். ‘அவசரம்’ என்று லேபிள் வைத்துக்கொண்டு அதைத் தானியங்கியாக்கக் கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தேவை இரண்டு வரி ஃபில்டர். ஃபில்டரால் முடியாதது எதுவோ அதற்கு மட்டும் லேபிள். இந்த ஆபீஸில் அது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு பார்ட்டிக்கும் கீழே வரிசையில் முதலாக நிற்கும் கிளை வேலை எது என்பது. ஃபில்டர் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பார்க்கும், ‘இதற்கு முன்னால் இன்னொன்று முடியாமல் நிற்கிறதா’ என்று பார்க்கத் தெரியாது. இரண்டு, ‘பில்_வரல’ ஒட்டி எத்தனை நாள் ஆச்சு என்பது. வேலை எப்போது உருவானது என்ற தேதி வேலையோடு இருக்கும்; லேபிள் எப்போது ஒட்டப்பட்டது என்பது இருக்காது.

ஜேப்பியர் மாதிரியான கோடு (நிரல்) எழுதாத சேவைகளில் இதை முயன்று பார்க்கலாம்தான். ஆனால் அவை ஒரு நிகழ்வு, ஒரு வேலை என்ற கணக்கில் இயங்குபவை. பக்கத்து வேலைகளையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் ‘அடுத்து’க்கு அது சுற்றுவழி. கூகுள் தளத்திலேயே நிரல் ஓட்டும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் நூறு நூற்றைம்பது வரியில் முடித்துவிடலாம், தனியாக சர்வரும் வேண்டாம்.

கைலேபிள், மெஷின் லேபிள்

முதல் வரி கோடு எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இது ஒன்றுதான்: மனிதர் ஒட்டும் லேபிளை ஸ்கிரிப்ட் ஒட்டக் கூடாது, ஸ்கிரிப்ட் ஒட்டுவதை மனிதர் தொடக் கூடாது. பெயரிலேயே பிரித்துவிடுங்கள். ‘பில்_வரல’, ‘போன்’, ‘வங்கி’ எல்லாம் கைலேபிள். ‘தா_அடுத்து’, ‘தா_துரத்து’ இரண்டும் மெஷினுடையவை. ‘தா’ என்பது தானியங்கிக்கு. முன்னொட்டு இருந்தால் ஃபில்டரில் நட்சத்திரக் குறி போட்டு மெஷின் லேபிள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். பெயருக்குள் இடைவெளி விடாதீர்கள். வேலையைத் தட்டச்சும்போது இடைவெளி வந்த இடத்தோடு லேபிள் முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மாதம் புரளும்போது பழைய ‘பில்_வரல’வை ஸ்கிரிப்ட் உரிக்கலாம், ஒட்ட மட்டும் கூடாது. அது கீழே வருகிறது.

ஸ்கிரிப்ட்டின் போக்கும் இதிலிருந்தே வரும். ‘இது நடந்தால் அதை ஒட்டு’ என்று நிகழ்வு நிகழ்வாக எழுதாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மொத்தப் பட்டியலையும் எடுத்து, இந்த நிமிடம் எந்த வேலையில் எந்த மெஷின் லேபிள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, இருப்பதோடு ஒப்பிட்டு, மாறுபட்டதை மட்டும் எழுத வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு ஓட்டம் தவறினாலும் அடுத்தது சரிசெய்துவிடும். இரண்டு தடவை ஓடினாலும் கெடுதல் இல்லை.

எடுப்பது

டூடூயிஸ்ட் அமைப்புகளில் இன்டக்ரேஷன்ஸ், அதற்குள் டெவலப்பர் என்ற பகுதியில் ஏபிஐ (வெளி நிரல்கள் பேசும் வாசல்) டோக்கன் கிடைக்கும். அது கிட்டத்தட்ட கணக்கின் சாவி, எல்லாப் ப்ராஜெக்ட்டையும் படிக்கும், அழிக்கும். கோடுக்குள் ஒட்டாமல் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் ஸ்கிரிப்ட் ப்ராபர்ட்டீஸில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வெளியே போய்விட்டால் அதே இடத்தில் புது டோக்கன் எடுத்துக்கொள்ளலாம், பழையது செத்துவிடும்.

நாற்பது பார்ட்டி, தாய் வேலை ஒன்று, கிளை ஐந்து: மொத்தம் 240 வேலை. ஏபிஐ ஒரு தடவைக்குத் தானாகத் தருவது 50. கேட்டால் 200 வரை தரும். மீதிக்கு, பதிலில் வரும் ‘நெக்ஸ்ட் கர்சர்’ மதிப்பைத் திருப்பி அனுப்பி, அது காலியாகும் வரை சுற்ற வேண்டும். 200 என்று கேட்டால் இரண்டு சுற்று. இதை விட்டுவிட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதுதான் ஆபத்து. முதல் பக்கத்தில் வந்த பார்ட்டிக்கெல்லாம் லேபிள் சரியாக விழும், கடைசிப் பார்ட்டிகளுக்கு விழவே விழாது. பக்கம் ஒரு குடும்பத்தின் நடுவில் முறிந்தால் இன்னும் மோசம்: ‘டேலியில் ஏற்ற’ வந்திருக்கும், ‘பில் வாங்க’ அடுத்த பக்கத்தில் மாட்டியிருக்கும், ‘அடுத்து’ தப்பான இடத்தில் விழும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணக் கோடுகள் ரெஸ்ட் வி2 என்ற பழைய ஏபிஐ பதிப்புக்கு எழுதியவை. அதில் பட்டியல் நேராக வரும். இப்போதுள்ள வி1-இல் ‘ரிசல்ட்ஸ்’ என்ற பெட்டிக்குள் வரும். அங்கே ‘ஆர்டர்’ என்றிருந்தது இங்கே ‘சைல்ட் ஆர்டர்’. பழையதை அப்படியே ஒட்டினால் வரிசை எண் கிடைக்காமல், அடுக்குவது போல் பாவனை செய்துவிட்டு வந்த வரிசையிலேயே விட்டுவிடும்.

‘அடுத்து’வைக் கணக்கிடுவது எளிது. முடித்த வேலைகள் இந்தப் பட்டியலில் வராது, நிலுவையில் உள்ளவை மட்டும்தான் வரும். ஆகவே ‘பேரன்ட் ஐடி’யை (தாய் வேலையின் அடையாள எண்) வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, சைல்ட் ஆர்டர் குறைவாக உள்ள ஒன்றை எடுத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட்டில் வெறும் சார்ட் போட்டால் எண்களை எழுத்தாக எண்ணி 1, 10, 2 என்று அடுக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் ஒப்பீட்டைக் கொடுக்க வேண்டும். கிளை ஐந்துதானே என்று விடாதீர்கள். நடுவில் அழித்துச் சேர்த்து இழுத்து வைத்தால் வரிசை எண் பத்தைத் தாண்டுவது சுலபம்.

முதல் கிளையில் ‘பில்_வரல’ ஒட்டியிருந்தால் ‘தா_அடுத்து’ எங்கே போக வேண்டும்? இரண்டாவது கிளைக்குத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். பில் வராமல் டேலியில் ஏற்ற ஒன்றுமில்லை. அந்தப் பார்ட்டிக்கு அன்று ‘அடுத்து’ கிடையாது, அவ்வளவுதான்.

எழுதுவது

வேலையைத் திருத்த அனுப்பும்போது அனுப்பாத விவரங்கள் அப்படியே இருக்கும். ஆனால் லேபிள் பட்டியல் அப்படி அல்ல, அது முழுதாக மாற்றி எழுதப்படும். ஒரு வேலையில் ‘போன்’, ‘வங்கி’ என்று இரண்டு இருக்கிறது. நீங்கள் ‘தா_அடுத்து’ மட்டும் அனுப்புகிறீர்கள். மூன்றாகச் சேராது, அந்த இரண்டும் போய் இது ஒன்று மட்டும் நிற்கும். லேபிள் ஸ்கிரிப்ட் எழுதுகிற பலரும் முதல் நாளே செய்யும் தவறு இது. வரிசை இப்படி இருக்க வேண்டும்: இருக்கும் பட்டியலை எடு, அதில் ‘தா_’ என்று தொடங்குபவற்றை மட்டும் கழி, கணக்கிட்டதைச் சேர், பழையதோடு ஒப்பிடு, வேறுபட்டால் மட்டும் அனுப்பு. அனுப்புவதற்கு ஒரு நொடி முன்னால் அந்த ஒரு வேலையை மட்டும் மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது. நீங்கள் 240 வேலையைக் கணக்கிடும் நேரத்தில் யாராவது போனில் ‘பில்_வரல’ ஒட்டியிருந்தால் அது இந்த எழுத்தில் அடிபட்டுப்போகும்.

கெடுவைத் திருத்தும் புலத்தை எக்காரணம் கொண்டும் இந்த ஸ்கிரிப்ட்டிலிருந்து அனுப்பாதீர்கள். திரும்ப வரும் வேலைக்கு வெறும் தேதியை எழுதினால் திரும்ப வருவதே நின்றுவிடலாம். அடுத்த மாதம் 3பி பட்டியலில் அந்தப் பார்ட்டியே இருக்காது, 20ஆம் தேதி தாண்டியபிறகுதான் தெரியும்.

முதல் ஓட்டத்தில் மாற்றங்கள் அதிகம் இருக்கும். சிங்க் என்ற மொத்தமாக அனுப்பும் முறையில் ஒரே கோரிக்கையில் 100 கட்டளை வரை அனுப்பலாம். ஆனால் மொத்தக் கோரிக்கைக்கு 200 என்ற வெற்றிக் குறியீடு வந்தாலும் உள்ளே ஒரு கட்டளை தோற்றிருக்கக்கூடும். ஒவ்வொரு கட்டளையின் அடையாள எண்ணுக்கும் தனியாக வரும் நிலையைப் பார்க்க வேண்டும். அன்றாட ஓட்டத்தில் ஐந்தாறு மாற்றம்தான் வரும், அதற்கு ஒன்றொன்றாக அனுப்புவதே போதும். 429 வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததில் பாருங்கள்.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘போன்’

தமிழில் லேபிள் வைப்பவர்களுக்கு வரும் சிக்கல் இது, ஆங்கிலக் கையேடுகளில் பெரும்பாலும் இருக்காது. ‘போன்’ என்பதில் உள்ள ‘ோ’ யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒருவர் போனிலும் இன்னொருவர் கணினியில் வேறு தட்டச்சு மென்பொருளிலும் அடித்தால் இப்படி நேரலாம். ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒப்பிடும் முன் இரு பக்கச் சொல்லையும் நார்மலைஸ் என்ற செயற்கூறில் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் முதலிரண்டும் தீர்ந்துவிடும். மூன்றாவதில் ஒரு பாக்கி இருக்கிறது. ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ‘ள’ எழுத்தைத் தட்டி ‘ௌ’ போலக் காட்டியிருந்தால் அதை என்எஃப்சி மாற்றாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. மெஷின் லேபிளுக்குப் பெயர் வைக்கும்போதே இந்த மூன்று குறியும் வராத சொல்லாகப் பாருங்கள். ‘தா_அடுத்து’, ‘தா_துரத்து’ இரண்டும் அந்தக் கணக்கில் தேறியவைதான்.

துரத்துவது

‘பில்_வரல’ ஒட்டிய நாளை வேறெங்கும் கேட்டு வாங்க முடியாது என்பதால் ஸ்கிரிப்ட்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கூகுள் ஷீட்டில் இரண்டு பத்தி: வேலையின் ஐடி, முதலில் கண்ட நாள். லேபிள் இருக்கிறது, ஷீட்டில் வரி இல்லை என்றால் வரியைச் சேர். வரி இருக்கிறது, லேபிள் இல்லை என்றால் வரியை அழி. வரியின் தேதிக்கு மூன்று நாள் ஆனால் ‘தா_துரத்து’. ஞாயிற்றுக்கிழமையை எண்ணாமல் விடுங்கள். மாதத்தின் பதினாறாம் தேதிக்கு மேல் மூன்று நாள் கணக்கே வேண்டாம், ‘பில்_வரல’ இருந்தாலே துரத்து என்று வைத்துக்கொள்ளலாம். 2பி 14ஆம் தேதி வந்துவிடும், அதற்குப் பிறகும் பில் இல்லையென்றால் கணக்கு ஒத்துப் பார்க்கவே நேரமிருக்காது.

ஷீட்டின் பத்திகளை முன்கூட்டியே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய 2025-06-11 தேதிப் பொருளாக மாறித் திரும்பி வரும், எழுத்தாக ஒப்பிடும் வரி எப்போதும் ‘வேறு’ என்றே சொல்லும்.

இனி மாதம் புரளும் சமாச்சாரம். தாய் வேலையை ‘முடிந்தது’ என்று அடித்ததும் டூடூயிஸ்ட் புது வேலை உருவாக்குவதில்லை. அதே ஐடி, அதே வேலை, கெடு மட்டும் அடுத்த மாதத்துக்குத் தாவும். கிளைகளும் அடித்தது நீங்கித் திரும்ப எழுந்து நிற்கும், போன மாத லேபிளோடு. பில்லை வாங்கி ‘பில் வாங்க’வை அடித்தவர் லேபிளை உரிக்காமல் அடித்திருந்தால் (உரித்திருக்க மாட்டார்) அடுத்த மாதம் முதல் தேதியிலேயே ‘பில்_வரல’ நிற்கும். ஷீட்டிலும் பழைய வரி இருந்தால் முப்பது நாளாகத் தரவில்லை என்று ‘தா_துரத்து’வும் சேர்ந்து விழும்.

இதற்கு ஷீட்டில் இன்னொரு தாளில் தாய் வேலைகளின் கெடுவைக் குறித்து வையுங்கள். இந்த ஓட்டத்தில் பார்க்கும் கெடு, குறித்ததைவிட 20 நாளோ அதற்கு மேலோ தள்ளியிருந்தால் மாதம் புரண்டது என்று கொள்ளலாம். அந்தக் குடும்பம் முழுவதிலிருந்தும் ‘பில்_வரல’வை உரித்து, அதன் ஷீட் வரிகளை அழித்து, புதுக் கெடுவைக் குறிக்க வேண்டும். தேதி மாறினாலே புரண்டது என்று எழுதக் கூடாது. 20ஆம் தேதி வேலையை யாராவது கையால் 22-க்குத் தள்ளினால் நிஜமாகவே பில் வராத இடத்தில் லேபிள் காணாமல் போகும். ஃபைலிங் ஐந்து நாள் முந்தியோ பிந்தியோ முடிந்தாலும் கெடு 20-இலிருந்து அடுத்த 20-க்குத்தான் தாவும், ஆகவே இந்த 20 நாள் வரம்பு மாத வேலைகளுக்குப் பொருந்தும். வாரவேலைக்கு இதே எண்ணை வைத்தால் ஒருநாளும் உரிக்காது.

நேரம்

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் நேர ட்ரிகரை (குறித்த இடைவெளியில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் அமைப்பு)ப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் நாளுக்கு 144 ஓட்டம். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ட்ரிகர்கள் ஓட நாளுக்கு மொத்தம் 90 நிமிடம்தான் அனுமதி, அதாவது ஓட்டத்துக்குச் சராசரி 37 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அது பாதியாகும். இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டுவரை முதல் வரியிலேயே வெளியேறிவிடும்படி எழுதினால் தாராளமாகப் போதும். ஒரு ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்காமலிருக்க லாக் சர்வீஸைப் போடுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பிவிட வேண்டும்.

ஸ்கிரிப்ட் அமைப்பில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். அதோடு தீராது. டூடூயிஸ்ட் முழுநாள் கெடுவை 2025-06-20 என்று வெறும் தேதியாகத் தரும்; அதை ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட்டுக்குள் போட்டால் உலகப் பொது நேர நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும், நம் கடிகாரத்தில் அது காலை 5:30. நாள்களை ஒப்பிட வேண்டிய இடத்தில் எழுத்தாகவே ஒப்பிடுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓட்டுபவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை: ஸ்கிரிப்ட்டை ஓட்டித் தரும் அந்தச் சேவையில் கடிகாரமே பொது நேரம்தான், நமக்குக் காலை 5 மணி என்றால் அதற்கு முந்தைய நாள் இரவு 11:30. பொதுவில் திறந்த ரெப்போ (நிரல் சேமிப்பகம்) என்றால் 60 நாள் அசைவில்லாமல் கிடந்ததும் நேர ஓட்டத்தை நிறுத்தியும்விடுவார்கள்.

பத்து நிமிடம் தாமதமா, வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் டூடூயிஸ்ட்டே செய்தி அனுப்பும் ஏற்பாடு) வைத்தால் உடனே நடக்குமே என்று கேட்கலாம். வெப்ஹூக் செய்தி வரிசை மாறி வரலாம், வராமலும் போகலாம். ஸ்கிரிப்ட் ஒட்டும் ஒவ்வொரு லேபிளும் ‘வேலை திருத்தப்பட்டது’ என்று இன்னொரு செய்தியைக் கிளப்பும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டால் வரும் கோரிக்கையின் ஹெடரை (தலைப்பகுதியை)ப் படிக்க முடியாது. டூடூயிஸ்ட் கையொப்பத்தை வைப்பதோ ஹெடரில். வந்தது டூடூயிஸ்ட்டிடமிருந்துதானா என்று சரிபார்க்க வழியில்லை. ஜிஎஸ்டி பில்லுக்குப் பத்து நிமிடம் ஒன்றும் தாமதமில்லை.

கைவிலங்கு

ஓடவிடும் முன் ஒரு வாரம் எழுதாமல் ஓட்டுங்கள். நேரம், வேலை, பழைய லேபிள், புது லேபிள் என்று ஷீட்டில் மட்டும் பதியட்டும். ஆபீஸில் இருப்பவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் ‘இந்தப் பார்ட்டிக்கு பர்ச்சேஸே கிடையாதே’ என்பது மாதிரி ஐந்தாறு விஷயம் உடனே வெளியே வரும். எழுதத் தொடங்கிய பிறகும் இந்தப் பதிவை நிறுத்தாதீர்கள். ஏதாவது கெட்டால் பழைய லேபிளைத் திரும்ப ஒட்டக் கைக்கெட்டும் வழி அதுதான்.

மூன்று இடத்தில் ஸ்கிரிப்ட் தானாக நிற்க வேண்டும். ஒன்று, பதிலின் குறியீடு 200 இல்லையென்றால். பிழையை மௌனமாக்கும் விருப்பத்தைப் போட்டுவிட்டு குறியீட்டைப் பார்க்காமல் விட்டால், தோற்ற கோரிக்கை ‘வேலையே இல்லை’ என்ற காலிப் பட்டியலாகத் தெரியும், ஷீட்டின் எல்லா வரிகளும் அழிந்துவிடும். இரண்டு, லேபிள் பட்டியலில் ‘பில்_வரல’ என்ற பெயரே இல்லையென்றால். யாரோ அழகாக இருக்கட்டும் என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள், வேலைகளிலும் பெயர் மாறியிருக்கும், ஸ்கிரிப்ட் எல்லோரும் பில் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். மூன்று, ஒரே ஓட்டத்தில் நாற்பதுக்கு மேல் மாற்றம் வந்தால். 20ஆம் தேதி நெருக்கத்தில்கூட நாற்பது பார்ட்டியும் ஒரே பத்து நிமிடத்தில் புரளாது. நின்றதும் மெயில் வரட்டும். ட்ரிகரின் தோல்வி அறிவிப்பு நாளுக்கு ஒருமுறை என்று இருந்தால் ‘உடனே’ என்று மாற்றுங்கள்.

ப்ராஜெக்ட்டைப் பலர் பகிர்ந்தால் ஸ்கிரிப்ட் ஒருவர் கணக்கில் மட்டும் ஓட வேண்டும். இரண்டு பேர் சற்றே வேறுபட்ட விதிகளோடு ஓட்டினால் ஒருவருடையது ஒட்டும், மற்றவருடையது உரிக்கும், நாளெல்லாம் நடக்கும்.

வேண்டாம் என்று முடிவு செய்தால் முதலில் ட்ரிகரை நீக்குங்கள், பிறகு ஆப்பின் லேபிள் பட்டியலில் ‘தா_அடுத்து’, ‘தா_துரத்து’ இரண்டையும் அழியுங்கள். எல்லா வேலையிலிருந்தும் அவை போய்விடும், கைலேபிள் ஒன்றும் அசையாது. வரிசையை மாற்றிச் செய்தால் பத்து நிமிடத்தில் இரண்டும் திரும்ப முளைக்கும்.